ஓட்டமும் ஈகையும்

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்று நால்வகைத் தானங்களை வகுத்த நம் முன்னோர், கொடுப்பவர் அதன்பொருட்டு ஓடவேண்டும் என்று எங்கும் விதித்தாரில்லை. வந்தவர்க்கு முகம் மலர்ந்து அளிப்பதே போதுமானதாயிருந்தது. இக்காலத்திலோ, 42 கிலோமீட்டர் தொலைவு ஓடி, அதனை முன்னிட்டு உற்றாரிடமும் நண்பரிடமும் பொருள் பெற்று, நோயாளர்க்கும் ஆதரவற்றோர்க்கும் வழங்கும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. 1981 ஆம் ஆண்டு தொடங்கிய இலண்டன் மாரத்தான் ஓட்டத்தில் இவ்வாறு நிதி திரட்டுவதற்கென்றே ஓடுவோர் மிகப் பலர்.

சென்ற ஆண்டு நம் பேத்தி ஒருத்தியும் இத்தகைய ஓட்டம் ஒன்றிற்குப் பெயர் கொடுத்தாள். 21 கிலோமீட்டர். "பாட்டி, நான் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நூறு ரூபாய் தருவீர்களா? மருத்துவமனைக்குத்தான்" என்று கேட்டாள். "காலணிக்கும் பயணத்திற்கும் செலவிடும் பணத்தை நேரே அம்மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாமே, வியர்வை எதற்கு?" என்றோம். அவள் மறுமொழி கூறவில்லை. முகம் மட்டும் வாடிற்று. ஓடுபவர் படும் வருத்தம் தவமா, தானமா, இரண்டுமல்லாத வெறும் காட்சியா என்னும் வினா அன்றுமுதல் நம்மைவிட்டு அகலவில்லை.

தவத்தையும் தானத்தையும் நம் நூல்கள் தெளிவாகப் பிரித்தே வைத்துள்ளன. புறத்தவம் ஆறனுள் ஒன்றாகிய காயக்கிலேசம், அதாவது உடலை வருத்துதல், வினை உதிர்ப்புக்கு உரியது. தானமோ உடைமையின்மேல் உள்ள பற்றை விட்டு வழங்குவது. புண்ணிய ஊற்றுக்குக் காரணமாவது. உடல் வருந்திய அளவில் எதுவும் தவமாகிவிடாது. பாரவண்டி இழுக்கும் எருதும்தான் வருந்துகிறது. புகழை எண்ணி மேற்கொள்ளும் நோன்பில் பயன் விழைவு என்னும் முள் தைத்தே இருக்கும். மற்றுமொரு தடையும் உண்டு. நுகத்தடி அளவு தரையை முன்னோக்கி, சிற்றுயிர் நலியாவண்ணம் அடிவைப்பது முனிவர்தம் ஈர்யா சமிதி. ஓடுபவர் கடிகாரத்தை நோக்குவாரா, எறும்பை நோக்குவாரா? இல்லறத்தார்க்கு அணுவிரதமே விதிக்கப்பட்டது என்று இதற்கு அமைதி கூறலாம். எனினும் மழைக்கால விடியலில் ஓட்டம் நடத்துவோரிடம் யாரேனும் இதனை எடுத்துச் சொன்னால் நன்று.

இவ்வளவும் எண்ணியபின் நம் கருத்து உறுதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் அவர்களின் வரலாறு குறுக்கே நின்றது.

1977 ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. மருத்துவமனையில் தம்மினும் இளைய சிறார் படும் துன்பத்தைக் கண்ட அவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, நாட்டின் கீழைக் கடலிலிருந்து மேலைக் கடல்வரை ஓட உறுதிபூண்டார். 1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல்நீரில் நனைத்துப் புறப்பட்டார். அக்காலத்துச் செயற்கைக் கால் நடப்பதற்கு ஆனதேயன்றி ஓடுவதற்கு ஆனதன்று. ஆதலின் நல்ல காலால் இருமுறை தத்தி, பின்னர் மற்றதை ஊன்றினார். அவ்வாறே நாள்தோறும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். எஞ்சிய தொடை உராய்ந்து குருதி கசிந்தது. தம் பெயரால் எவரும் வணிகம் செய்ய அவர் இசைந்தாரில்லை. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1 அன்று, தண்டர் பே நகருக்கு அருகில், நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தமையால் ஓட்டம் நின்றது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தொலைவே முடிந்திருந்தது. 1981 ஜூன் 28 அன்று, இருபத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

தவமும் தியாகமும் அவரவர் சக்திக்கு ஏற்பவே அமையவேண்டும் என்பது பதினாறு பாவனைகளில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு. அவர் அந்த எல்லையைக் கடந்தாரா? தன்னுயிரை நலிவிப்பதும் இம்சையே அன்றோ? கடந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டென்று தோன்றவில்லை.

நாம் திரும்பத் திரும்ப எண்ணியது கொடுத்தவர்களைப் பற்றியே. அவர் நின்ற நாள்வரை சேர்ந்த தொகை 17 இலட்சம் டாலர் அளவே. நின்ற ஒரு வாரத்திற்குள், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியாக ஒரு கோடிக்கு மேல் வந்தது. 1981 பிப்ரவரியில் 2 கோடியே 40 இலட்சத்தையும் கடந்தது; நாட்டின் மக்கள் தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர் வீதம் திரட்ட வேண்டும் என்று அவர் விரும்பிய தொகை அதுவே. கடக்காத தொலைவிற்கு எவரும் கணக்குப் பார்த்துக் கழித்தாரில்லை. அப்படியாயின் அவர்கள் கிலோமீட்டருக்கு விலை கொடுத்தவர்கள் அல்லர். அவர் பெயரால் 1981 முதல் பல நாடுகளில் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டத்திலும் முதல்வர், கடையர் என்னும் வரிசை இல்லை, பரிசும் இல்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினை மூவழி வருவதை நாம் அறிவோம். ஓடுபவர் புண்ணியம் பெரிதும் செய்வித்தலில் உள்ளது. ஓட்டம் வெறும் அழைப்புமணி. ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவியரிடம், பரிசு காட்டிப் படிக்க வைக்காதீர்கள் என்று பல்லாண்டுகள் கூறிவந்தோம். கூறிக்கொண்டே, முதல் வகுப்புக் குழந்தைகளுக்கென்று கைப்பையில் மிட்டாய் வைத்திருந்ததும் உண்மை. ஈகையில் நம்மிற் பலர் இன்னும் முதல் வகுப்பிலேயே இருக்கிறோம். ஒருவர் குருதி சிந்துவதைக் கண்டபின்னரே பணப்பை திறக்கிறது. வியர்வை எதற்கு என்று பேத்தியைக் கேட்ட நாம், அவள் வந்து கேட்கும்வரை அம்மருத்துவமனைக்கு ஒரு காசும் அனுப்பியதில்லை.

ஓட்டத்திற்கு நான்கு நாள் முன்னரே இருபத்தொரு கிலோமீட்டருக்கும் உரிய தொகையை அனுப்பிவிட்டோம். அவளுக்குச் சொல்லவில்லை. பதினாறாம் கிலோமீட்டரில் முழங்கால் வலித்து அவள் நின்றுவிட்டாள். மாலையில் தொலைபேசியில், "பாட்டி, நீங்கள் ஆயிரத்து அறுநூறு தந்தால் போதும்" என்றாள். முழுத்தொகையும் முன்பே போய்விட்டது என்றோம். "அப்படியானால் நான் எதற்காக ஓடினேன்?" என்று சினந்தாள்.

தை மாதத்தில் மீண்டும் ஓடப்போகிறாளாம். எஞ்சிய ஐந்து கிலோமீட்டரை அப்போது நம் கணக்கில் கழித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.