முன்தெரிவும் அறமும்

ஒருவர் தாமாக எதனையும் தெரியாதவிடத்து, பிறரொருவர் அவருக்காகத் தெரிந்து வைப்பதே முன்தெரிவு. இது தொழினுட்பம் பற்றியது மட்டுமா, அன்றி அறம் பற்றியதுமா என்பதே நம்முன் உள்ள வினா.

முன்தெரிவின் வலிமை பெரிது. உடலுறுப்புத் தானம் பற்றி ஜோன்சன், கோல்ட்ஸ்ரைன் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டும். மறுப்போர் பதியவேண்டிய ஒஸ்திரியாவில் இசைந்தோராகக் கொள்ளப்பட்டோர் 99.98 சதவீதம், இசைவோர் பதியவேண்டிய ஜேர்மனியில் 12 சதவீதமே. அயல்நாட்டவரிடையே நெஞ்சீரம் இத்துணை வேறுபடுமென நம்புதல் அரிது. வேறுபட்டது பெரிதும் முன்தெரிவே.

கணினிக்குள் மற்றொரு கணினியை மென்பொருளால் அமைக்கும் மெய்நிகர்ப் பொறியிலும் இவ்வினா எழுகின்றது. உள்ளே இயங்குவது வெளியே உள்ளதைத் தீண்டாதவாறு வேலியிடுதல் அதன் தலையாய பணிகளுள் ஒன்று. வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருளுக்கு, மையச் செயலியின் மெய்நிகராக்க வசதி 2019 இல் வந்த 6.1 ஆம் பதிப்பு முதல் இன்றியமையாததாயிற்று. முப்பரிமாண வரைவியல் முடுக்கமோ நெடுங்காலம் அணைத்தே வைக்கப்பட்டு, வேண்டுவோர் இயக்கிக்கொள்ள விடப்பட்டது.

இரண்டும் விரைவுக்கே உதவுவன. ஆயின் முடிவுகள் வேறாயின. முன்னதில் வேலியைக் காக்கத் துணைநிற்பது செயலியே. விரைவும் காப்பும் ஒன்றுகூடுகின்றன. பின்னது, முற்றாகக் காத்தற்கரிய சிக்கலான வரைவியல் இயக்கிகளுக்கு வழி திறக்கின்றது. நம்பத்தகாத பொறிக்கு அதனை அளிக்கலாகாதென அம்மென்பொருளின் கையேடே எச்சரிக்கின்றது.

மந்தம் கண்ணுக்குத் தெரியும் குறை. பயனர் அதனை நொடியில் நீக்கிக்கொள்ளலாம். வேலி உடைந்தமையோ தெரியாது. தெரியவருங்கால் காலம் கடந்திருக்கும். எனவே, தவறு நேரினும் புலப்படக்கூடிய, திருத்தக்கூடிய பக்கத்திலேயே முன்தெரிவு நிற்றல் வேண்டும்.

பிறர்க்காக முடிவெடுத்தல் அவர்தம் சுதந்திரத்தைப் பறிப்பதாகாதா எனச் சிலர் வினவலாம். முன்தெரிவே இல்லாத நிலை எளிதில் வாய்ப்பதன்று. ஒவ்வொன்றையும் பயனரிடமே கேட்பதும், அறியாதவர் தலையில் சுமையை ஏற்றுவதேயாகும். பழைய கணினியில் மந்தத்தைச் சுமப்பவன் வறிய மாணவன் என்பதும் மெய்யே. ஆதலின், தெரிபவர் தம் தெரிவின் காரணத்தை வெளிப்படக் கூறுதலும், அதை மாற்றும் வழியை எளிதாக்குதலும் கடனாம். அக்கடனை ஆற்றாத காப்பு, காப்பன்று, ஆதிக்கமே.