ஒன்பது மணி வெயில்

குலசேகரத்தில் சித்தி வீட்டிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கிழங்கு அது. வெள்ளை இஞ்சிப்பூ. மலையாளத்தில் கல்யாண சௌகந்திகம் என்பார்கள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல இடம் என்று நான் நினைத்த தெற்குச் சுவரோரத்தில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், ஒரு சித்திரை மாதம் அதை நட்டேன். முளை வந்தது, இலை விரிந்தது. மூன்றே வாரத்தில் இலைகளெல்லாம் ஓரம் கருகி, நீளவாக்கில் சுருண்டு குழல் மாதிரி ஆகிவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன்.

அம்மாதான் சொன்னாள். "அதுக்கு இந்த வெயிலு ஆகாது மக்ளே. பலா மூட்டுல கொண்டு வையி."

பலாவுக்குக் கிழக்கே ஒன்பது, ஒன்பதரை மணி வரை சாய்வெயில் படும். அதன்பிறகு இலை இடுக்கு வழியாகக் காசு காசாக விழுந்து நகரும் ஒளிதான். மனமில்லாமல்தான் மாற்றி வைத்தேன். நல்ல இடத்திலிருந்து சுமாரான இடத்துக்கு அனுப்புகிறோம் என்றுதான் அன்று நினைப்பு. ஆடிக்குள் புதுத் தண்டுகள் ஆறு எழுந்துவிட்டன.

பிறகுதான் அந்தச் செடியைப் பற்றிப் படித்தேன். கிழக்கு இமயமலை அடிவாரத்துச் செடி அது. ஓடைக்கரையிலும் காட்டோரத்திலும் வளர்ந்து பழகிய இனம். ஒளியை உணவாக்க ஓர் இலைக்கு ஒரு வேகம்தான் உண்டு. அதற்கு மேல் வந்து விழும் ஒளியை அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. கொஞ்சத்தை வெப்பமாக்கி வெளியே தள்ளிப் பார்க்கும். அதையும் மீறிப் போனால், ஒளியைப் பிடிக்கிற உள்ளமைப்பே சிதையத் தொடங்கும். வேண்டாம் என்று சொல்ல முடியாது என்ற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அப்பா தவறிய வருஷம் அம்மாவை ஊரிலிருந்து எங்களோடு அழைத்து வந்தோம். அவளுக்கு முன்னறையைக் கொடுத்தோம். இரண்டு சன்னல், மின்விசிறி, டிவி, வருகிறவர் போகிறவர் எல்லோரும் முதலில் எட்டிப் பார்க்கிற அறை. தனியாக இருக்கவிட்டால் துக்கம் பெருகிவிடும் என்று ஆள் மாற்றி ஆள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அவளும் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். ஆனால் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை எழுந்து பார்த்தால், அடுக்களைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குத் தன் பாயையும் தலையணையையும் அவளே கொண்டுபோயிருந்தாள். ஒற்றைச் சன்னல். அதற்கு வெளியே பலா. எனக்கு அன்று கோபம்தான் வந்தது. நான்கு மாதத்தில் அவள் பழையபடி சாப்பிடத் தொடங்கினாள், முற்றத்துக்கு வந்தாள், என் செடியைக் குறை சொன்னாள்.

அவளுக்கு நாங்கள் எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பித் தள்ள அவளுக்கு வழியில்லாமல் கொடுத்தோம்.

நிழல் போதும் என்றும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு துண்டுக் கிழங்கைப் பின்கட்டில் அடர்ந்த மாமரத்தின் கீழும் வைத்துப் பார்த்தேன். செடி கரும்பச்சை இலையோடு ஆளுயரம் போயிற்று, வெளிச்சம் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, இரண்டு வருஷமாகியும் பூக்கவில்லை. அரைநிழல் என்ற சொல்லில் அந்த ‘அரை’தான் நம்மைக் குழப்புகிறது. பாதி கொடுத்தோம், பாதியைப் பிடித்துக்கொண்டோம் என்று கேட்கிறது. அந்தச் செடிக்கு அதுதான் முழு அளவு.

அந்த அளவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏலமும் இஞ்சிக் குடும்பம்தான். ஏலமலையில் தோட்டக்காரர்கள் மழைக்காலத்துக்கு முன்னால் நிழல்மரங்களில் ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள், மூடிக் கிடக்கும் மாதங்களில் கீழே கொஞ்சம் வெளிச்சம் இறங்கட்டும் என்று. கோடைக்குள் அந்தக் கிளைகள் மறுபடி தழைத்துக் குடை பிடிக்கும். வருஷா வருஷம் நிமிர்ந்து மரத்தைப் பார்த்து, குனிந்து செடியைப் பார்த்து, எந்தக் கிளை என்று முடிவு செய்கிற வேலை அது. அன்பு வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்யாமல் விட்ட வேலையும் அதுதான்.

இது ஐப்பசி. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மொட்டுகள் அவிழத் தொடங்கும். வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல விரிகிற அந்த வெள்ளைப் பகுதிகள் இதழ்களே அல்ல. மகரந்தம் சுமக்கிற வேலையை விட்டுவிட்ட கேசரங்கள் அப்படி அகன்றிருக்கின்றன. நிஜமான இதழ்கள் நூலாக ஒடுங்கிப் பின்னால் தொங்குகின்றன, தேடினால்தான் தெரியும். ஒரு பூவுக்கு ஒரு நாள் ஆயுசு. தண்டும் ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடிந்ததை அடியோடு அறுத்துவிட்டால் பக்கத்தில் அடுத்த முளைக்கு இடம் கிடைக்கும். நேற்று அம்மா அரிவாளோடு வந்து அப்படி இரண்டை அறுத்துப் போட்டாள்.

இருட்டும்போது மணம் கனக்கும். அவள் அறை வாசலில் நின்று லைட் போடட்டுமா என்று கேட்டேன். சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், "கொஞ்ச நேரம் கழிச்சுப் போடு" என்றாள். சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.