18 வருஷம் குனிந்திருந்தவள்



அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தில் ஒரு ஸ்திரீயைக் காண்கிறோம். அவளுடைய பெயர் நமக்குத் தெரியாது. முதுகு வளைந்துபோய், 18 வருஷமாக நிமிர முடியாமல் இருந்தாள் என்பது மட்டும் தெரியும். நான்கு சுவிசேஷகர்களில் லூக்காஸ் ஒருவர்தான் இவளைப்பற்றி எழுதியிருக்கிறார். அவர் வைத்தியர் என்று அர்ச். சின்னப்பர் சொல்லியிருப்பதை நினைத்தால், எத்தனை வருஷம் என்று கணக்குச் சொல்லாமல் அவர் விடாததன் காரணம் விளங்கும். நோயாளிக்கு நாளும் கணக்கு, இரவும் கணக்கு. 18 வருஷம் அவள் கண்டது தரையையும் பிறருடைய பாதங்களையுந்தான். எதிரே வருகிறவனுடைய முகத்தைப் பார்க்கவேண்டுமானால் தலையைப் பக்கவாட்டில் திருப்பவேண்டும்.

இவளைத் தேடி நாம் அந்நிய தேசத்துக்குப் போகவேண்டியதில்லை. காசிமேட்டில் விடியுமுன் மீன்கூடையைத் தலைக்கு ஏற்றுகிறவளிடத்திலும், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து மத்தியானம்வரை மீன் வெட்டுகிறவளிடத்திலும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறுகிறவளிடத்திலும் அவளைக் காணலாம். ஆண்களிலும் அவளுக்குச் சகோதரர் அநேகர். துறைமுக வாசலுக்குப் போகும் சாலையில் கண்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு, இரவெல்லாம் அந்த ஆசனத்திலேயே மடங்கிக் கிடக்கிற டிரைவரைப் பாருங்கள். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் எந்திரத்தின்முன் எட்டு மணிநேரம் குனிந்து நின்று, வீடு வந்தால் சாப்பிடக்கூட உட்கார முடியாமல் சுவரில் சாய்கிறவரைப் பாருங்கள்.

முதுகால் உழைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. இராயபுரம் என்ற பெயரே அர்ச். இராயப்பரால் வந்தது. துறைமுகம் உண்டாகுமுன் கப்பல்கள் கரையை விட்டுத் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும்; கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டிப்போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தவர்கள் நம் படகோட்டிகள். அவர்கள் எழுப்பின கோவிலில்தான் இன்றும் இராயப்பர் திருநாள் கொண்டாடுகிறோம். பின்பு துறைமுகம் வந்தது. துடுப்புப் பிடித்த கை கொக்கி பிடித்தது; படகு சுமந்தது போக மூட்டையை முதுகு சுமந்தது. ஒரு வளர்ந்த ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படாதிருக்கப் பார்க்கவேண்டுமென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் சிபாரிசு செய்தது. அந்நாளில் நம் கிடங்குகளிலே 100 கிலோவை நெருங்கும் கோணி மூட்டை சாதாரணம். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் ஏற்பட்டு, பளுவைப் பெரும்பாலும் கிரேன் எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன்னே சுமந்தவர்களுடைய முதுகை எந்தக் கிரேனும் திரும்ப நிமிர்த்தவில்லை. இன்று நம் பூசையில் கடைசி வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாத்தாமார் பலர் அவர்களே.

இவர்களுக்கு நாம் என்ன சொல்லுகிறோம்? "சர்வேசுரன் தந்த சிலுவை, ஒப்புக்கொடுங்கள்" என்கிறோம். நல்ல வார்த்தைதான். ஆனால் யார் யாருக்குச் சொல்லுகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். நோவை ஒப்புக்கொடுக்கக்கூடியவன் அதை அநுபவிக்கிறவன் ஒருவனே. தன் முதுகில் நோவில்லாத மருமகள் மாமியாரைப் பார்த்து இதைச் சொன்னால், அது பக்தியல்ல, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற சிரமத்திலிருந்து தப்பும் வழி. மாமியார் மருமகளுக்குச் சொன்னாலும் அப்படியே.

வேறு சிலருக்கு இதைவிட ஆழமான சந்தேகம் உண்டு. வலிக்கு மருந்து தேடுவது விசுவாசக் குறைவோ, சிலுவையிலிருந்து ஓடுவதோ என்று தங்களுக்குள் மருகுகிறார்கள். இந்தக் கேள்வி வைத்தியர்களுக்கே எழுந்து, ரோமாபுரிவரை போயிருக்கிறது. இத்தாலிய தேசத்து மயக்கமருந்து வைத்தியர்கள் அனுப்பின மூன்று கேள்விகளுக்குப் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி விடையளித்தார். நோவை மனமுவந்து ஏற்பது ஒருவருக்கு உயர்ந்த புண்ணியமாகலாம். ஆனால் அது எல்லார்மேலும் சுமத்தப்பட்ட கடனல்ல. வலியைத் தணிக்கும் மருந்தைக் கிறிஸ்தவன் தாராளமாய்த் தேடலாம் என்பது அவருடைய விடையின் சாரம். கொடிய வலி ஆத்துமத்தின் பலத்தையே தின்று, ஜெபிக்கவும் முடியாதபடி செய்துவிடக்கூடும் என்பதையும் அவர் மறக்கவில்லை. ஜெபமாலையில் மூன்றாம் மணியைத் தாண்டுமுன் காலில் நரம்பு சுண்டி இழுக்கிற அநுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பின்பு 2-ம் அருள் சின்னப்பர் 1984-ல் லூர்து மாதா திருநாளன்று துன்பத்தைப்பற்றி எழுதின நிருபத்திலே, துன்புறுகிறவனுக்கு அருகே நல்ல சமாரியனையும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தச் சமாரியன் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குப் பொறுமையைப் போதிக்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டினான்.

மறுபடியும் அந்த ஸ்திரீயிடம் வருவோம். அவள் சேசுநாதரிடம் எதையும் கேட்டதாக எழுதப்படவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருக்கலாம். அவர்தாம் அவளைக் கண்டார், கூப்பிட்டார், அவள்மேல் கையை வைத்தார், அவள் நிமிர்ந்தாள். அன்று ஓய்வுநாள். ஜெபக்கூடத் தலைவனுக்குக் கோபம் வந்தது. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சொஸ்தமாகக்கூடாதா என்று ஜனங்களைக் கடிந்தான். நம் ஊரில் மேஸ்திரி சொல்லுவதும் ஏறக்குறைய இதுதானே: "இன்றைக்கு லோடு நிற்கிறது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ." நாளைக்கும் லோடு நிற்கும். சேசுநாதர் அவனுக்குச் சொன்ன பதில் மாட்டைப்பற்றியது. ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர்காட்டுகிறீர்களே, 18 வருஷம் கட்டுண்டிருந்த ஆபிரகாமின் குமாரத்தியை அவிழ்க்கக்கூடாதா என்பது அதன் கருத்து. அவளுடைய நோவை அவர் சிலுவை என்று சொல்லவில்லை, கட்டு என்றார். கட்டை அவிழ்ப்பது ஒருநாள்கூடத் தள்ளிப்போடத் தகாத வேலை என்றும் காட்டினார்.

அப்படியானால் இந்தக் கட்டு எப்படி அவிழும்? இதிலே சரீரத்தைப்பற்றிக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது; வைத்தியரான லூக்காஸ் குறைசொல்லமாட்டார். கழுத்துமுதல் இடுப்புவரை 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையிடையே மெத்தைபோல ஜவ்வு இருக்கிறது. பாரம் அதிகமாய் இறங்குவது அடியிலுள்ள இரண்டு ஜவ்வுகளில். அந்த ஜவ்வு பிதுங்கிப் பக்கத்திலுள்ள நரம்பின் வேரை உறுத்தினால், நோவு முதுகில் நில்லாமல் புட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாய்க் கெண்டைக்கால்வரை, சிலருக்குக் கால்விரல்வரை இறங்கும். வைத்தியர்கள் இதைச் சயாட்டிகா என்பார்கள். நம் வீடுகளில் வாய்வு என்பார்கள். எண்ணெயைக் காலில் தேய்க்கிறோம், கோளாறோ இடுப்பில் இருக்கிறது. இப்படிப் பிதுங்கின ஜவ்வும் அநேகருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கிவிடுகிறது. ஸ்கேன் சீட்டில் ஜவ்வு விலகியிருக்கிறது என்று கண்டவுடனே ஆயுசு முடிந்துவிட்டதாக அழுகிறவர்கள் ஒன்றை அறியவேண்டும்: வலியே இல்லாத மனிதர் பலருடைய ஸ்கேனிலும் அப்படித்தான் தெரியும்.

மூன்று மாதத்துக்குமேல் நீடித்த இடுப்புவலிக்கு என்ன செய்யலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வழிகாட்டியாய் வெளியிட்டது. 2020-ல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்ததாம். ஆகையால் நீங்கள் தனியாள் அல்ல. அந்த வழிகாட்டி முன்னால் வைப்பது முறையாய்க் கற்றுச் செய்கிற உடற்பயிற்சி. தன் நோயைப்பற்றித் தெளிவாய் அறிந்துகொள்ளுதல். மனச்சோர்வுக்கும் பயத்துக்கும் உரிய உதவி. வைத்தியர் சொல்லும் வலிமாத்திரைக்கும் அதிலே இடமுண்டு. வழக்கமாய் இடுப்பில் கட்டும் பெல்ட்டும், இழுவைவைத்து இழுப்பதும் வேண்டாமென்கிறது. நாமோ முதலில் பெல்ட் வாங்குகிறோம், பிறகு பாயில் படுத்துவிடுகிறோம். ஓரிரண்டு நாள் ஓய்வு தவறல்ல. வாரக்கணக்காய்ப் படுத்தால் முதுகின் தசை பலமிழந்து நோவு ஊன்றிவிடும். வலிக்கிற முதுகு மெதுவாய் நடக்கவேண்டிய முதுகு.

கால் எரிகிறது, மரத்துப்போகிறது, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்கிறவர்கள் முதலில் சர்க்கரையைச் சோதிக்கட்டும். எல்லா நரம்புவலியும் முதுகிலிருந்து வருவதல்ல. நரம்பு நோவுக்கென்று வேறு மருந்துகள் உண்டு. சாதாரண வலிமாத்திரை அதற்கு அவ்வளவாய்க் கேட்பதில்லை. கேட்காதபோது இரண்டாய் விழுங்குகிறோம், அதிலேதான் ஆபத்து. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தினமும் விழுங்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கக்கவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்ன மருந்தென்று சொல்லாமல் போடும் ஊசிக்கு முதுகைக் கொடுக்காதீர்கள். இன்னும் ஒரு மருந்தைச் சொல்லவேண்டும், அதை எல்லாரும் அறிவார்கள். "வலிக்காகத்தான் குடிக்கிறேன்" என்று சொல்லும் புருஷன் முழுப்பொய் சொல்லவில்லை. குடித்தால் இரண்டு மணிநேரம் வலி மறக்கிறது. வீட்டிலே மற்றவர்களுக்கு அந்த இரண்டு மணிநேரத்தில்தான் வலி தொடங்குகிறது. அவனைத் திட்டுகிறவர்கள் அவனுடைய முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரித்தால் நல்லது.

சில அடையாளங்களுக்கு ஒரு பொழுதும் காத்திருக்கலாகாது. இடுப்புவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், மலஜலம் தெரியாமல் போனாலும், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலும், கால் துவண்டு செருப்பு நழுவினாலும் அதே இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். விடியட்டும் என்று இருந்தால் கால் திரும்ப வராமலே போகலாம். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் உறங்கவிடாத முதுகுவலி மூன்றும் சேர்ந்திருந்தால் அது முதுகெலும்பைப் பற்றின காசமாயிருக்கலாம். காலத்தோடு பிடித்தால் அதுவும் பெரும்பாலும் மாத்திரையாலேயே குணமாகிறது. நம் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் வரிசை நீளந்தான். வலிக்கிறவரைத் தனியே அனுப்பாமல் வீட்டார் ஒருவர் கூடப் போய் வரிசையில் நில்லுங்கள், அவர் உட்காரட்டும். தமிழக அரசு 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலே வீட்டுக்கு வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. படுக்கையை விட்டு எழ முடியாதவர் உள்ள வீட்டார் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இனி நேர்ச்சையைப்பற்றி. ஆவணி மாதம் வந்தால் காவியுடுத்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களில் நரம்புவலிக்காரரும் உண்டு. முதுகு குணமாகவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, குணமாகுமுன்னே 300 கிலோமீட்டருக்குமேல் நடந்து, போன நோவைவிடப் பெரிய நோவோடு திரும்புகிறார்கள். வலியோ கூடுகிறது, நேர்ச்சையை விடவோ பயமாயிருக்கிறது. பயப்படவேண்டாம். தனிப்பட்ட நேர்ச்சையைத் தகுந்த காரணம் இருந்தால் நீக்கித்தர உங்கள் பங்குசுவாமியாருக்கே திருச்சபைச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. அதற்குச் சமமான அல்லது மேலான நற்கிரியையாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. பஸ்ஸில் போய்வரும் பிள்ளைமேல் தேவமாதாவுக்குக் கோபம் வருமென்று நினைப்பது அத்தாயை அறியாதவர்களுடைய நினைப்பு.

அப்படியே முழந்தாளிடும் காரியமும். எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட முடியாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர்கள் நம்மில் உண்டு. முடியாதவர் உட்காரலாம், சாயலாம், சுவரோரம் நிற்கலாம். திருச்சபை அதை அனுமதிக்கிறது. வெளியே புண்ணில்லை, கட்டில்லை, இரத்தமில்லை. ஆகையால் இந்த வலிக்காரனை யாரும் நம்புவதில்லை. வேலைத்தலத்தில் சோம்பேறி, வீட்டில் சாக்குப்போக்குக்காரன் என்ற பெயர் அவனுக்கு முதுகுவலியைவிட வலிக்கிறது. அந்த ஸ்திரீ 18 வருஷமாய் எத்தனை ஓய்வுநாள் அந்த ஜெபக்கூடத்துக்கு வந்திருப்பாளோ! அவளை நிமிர்த்தினபோது தலைவனுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. குனிந்து வந்து குனிந்து போன நாட்களில் அவனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.

வீட்டிலே நீண்டநாள் நோவோடு படுத்திருப்பவர்கள், கோவிலுக்கு வரமுடியாமல் வெட்கப்பட்டு நின்றுவிட்டவர்கள் உண்டானால், அவர்கள் பெயரைப் பூசை முடிந்தவுடன் பங்குசுவாமியாரிடம் சொல்லிவிடுங்கள். திவ்விய நற்கருணை வீட்டுக்கே கொண்டுவரப்படும். முன்னே அவஸ்தைப்பூசுதல் என்றழைக்கப்பட்ட தேவதிரவிய அநுமானத்தை, மரண நேரம்வரை காத்திராமல் பாரமான நோயின் தொடக்கத்திலேயும், அத்தகைய நோய்க்காக அறுவை செய்துகொள்ளுமுன்னும் பெறலாம் என்பது 1972-ல் வெளியான புதிய சடங்குமுறையால் தெளிவாக்கப்பட்டது. சுவாமியார் எண்ணெயோடு வாசற்படி ஏறினால் சாவு வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்தார் ஒப்பாரிக்கு ஆயத்தமாகவேண்டாம்.