சுழிப்பிழை

1

'தகுதி' என்ற சொல்லைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். எதிர்த்து எழுதியாச்சு, கிண்டல் பண்ணியாச்சு, தெருவில் இழுத்து வைத்துக் கேள்வி கேட்டாச்சு. இருந்தும் அது சாகவில்லை. முதல் தலைமுறையாக மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போகிற சேரிப் பையனின் நெஞ்சில் இன்றைக்கும் அது ஆணி மாதிரி இறங்குகிறது. ஏன் இதை நம்மால் ஒழிக்க முடியவில்லை? தகுதி என்பது ஒரு அளவு என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அளவு என்றதும் நாம் திணறிப் போகிறோம். 190 என்றால் 190தானே, 160 என்றால் 160தானே, எண்ணுக்கு ஏது சாதி என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் கெட்டவர்களாகக்கூட இருப்பதில்லை. நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நம்ம தட்டிலேயே கைவைத்துச் சாப்பிடுகிற நண்பர்களும் இதையே கேட்கிறார்கள்.

இதற்கான பதிலை அரசியல் மேடையில் தேடுவதற்கு முன்னால் இயந்திரப் பொறியியலுக்குள்ளேயே தேடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அளவு என்றால் என்ன என்பதை அந்தப் படிப்பைவிடக் கறாராகச் சொல்லித் தருகிற படிப்பு வேறு இல்லை.

பட்டறைக்குள் நுழைகிறவனுக்கு ஆரம்பத்திலேயே கையில் கொடுப்பது வெர்னியர் அளவுகோல். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இது வந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்து, 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கிற கருவி. ஆனால் அதைக் கையில் எடுத்ததும் பொருளை அளக்கக் கூடாது. முதலில் இரண்டு தாடைகளையும் ஒட்டி மூடி, நடுவில் ஒன்றும் இல்லாதபோது அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டவில்லை என்றால் அந்த வித்தியாசத்துக்குப் பெயர் சுழிப்பிழை. பிழை இரண்டு வகை. கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டினால் நேர்ப்பிழை. அதைக் கழிக்க வேண்டும். குறைவாகக் காட்டினால் எதிர்ப்பிழை. அதைக் கூட்ட வேண்டும். இதற்குச் சுழித்திருத்தம் என்று பெயர். திருத்தாமல் எழுதிய அளவை எந்த லேப் ஆசிரியரும் ஏற்க மாட்டார். தொழிற்சாலையில் ஒவ்வொரு அளவுக் கருவியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் அடுத்துச் சரிபார்க்க வேண்டிய தேதியும் ஒட்டியிருக்கும். தேதி தாண்டின கருவியால் அளந்த பொருளை வாங்குகிற கம்பெனி கேள்வி கேட்கும்.

சரி. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் என்கிற கருவியை யார் எப்போது மூடிப் பார்த்தார்கள்? நுழைவுத்தேர்வு என்கிற கருவியை? ஒரு பையனுக்கு வீட்டிலேயே இன்ஜினியர் சித்தப்பா, டியூஷன், தனி அறை, பள்ளிக்கூடம் போக வேன். இன்னொருவனுக்கு ஆதிதிராவிடர் நல விடுதி, ஒரே டியூப்லைட்டின் கீழே இருபது பேர், கணக்கு வாத்தியார் பணியிடம் காலி. இருவரும் ஒரு எழுத்துப் படிப்பதற்கு முன்னாலேயே கருவி ஒருவனுக்குக் கூடுதலாகவும் மற்றவனுக்குக் குறைவாகவும் காட்டிக்கொண்டிருக்கிறது. குறைவாகக் காட்டியதை நாம் கூட்டச் சொன்னால் அதற்குச் சலுகை என்று பெயர் வைக்கிறார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் சுழித்திருத்தம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற பாதி. எதிர்ப்பிழை பற்றித்தான் நாடு முழுக்கப் பேச்சு. நேர்ப்பிழை பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கூடுதலாகக் காட்டியதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு குரல் வந்திருக்கிறதா? அந்தக் கூடுதல், பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதால், அவர்களுக்குத் தங்கள் சொந்த நீளமாகவே தெரிகிறது.

2

இந்தச் சண்டை பொறியியல் படிப்பின் வாசலிலேயே தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று நாம் சொல்கிறோமே, அதோடு சேர்ந்து வந்த இன்னொரு வழக்கு சி.ஆர். சீனிவாசனுடையது. அவர் இடம் கேட்டது பொறியியல் கல்லூரியில். அப்போது சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையில் ஒவ்வொரு 14 இடத்திலும் ஆதிதிராவிடர்களுக்கு 2 இடம். பிராமணர்களுக்கும் 2 இடம். மக்கள்தொகையில் யார் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த 2 போதாது என்று வழக்கு வந்தது; 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையையே செல்லாது என்றது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. சுழித்திருத்தத்துக்காக அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்த நாடு இது.

அப்புறம் வழக்கமான பூச்சாண்டி: 'மார்க் குறைஞ்சவன் கட்டின பாலம் இடிஞ்சு விழும்.' இதை நேராகவே எடுத்துக்கொள்வோம். இட ஒதுக்கீடு கொடுப்பது உள்ளே வருவதற்கான வழியை. தேர்ச்சி மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றுதான். தெர்மோடைனமிக்ஸில் ஃபெயில் ஆனால் அரியர் எழுதித்தான் ஆகணும். லேத்தில் சக் சாவியை எடுக்காமல் மோட்டாரைப் போட்டால் அது யாருடைய சாவி என்று பார்த்துப் பறக்காது. 1984இலிருந்து தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. நன்கொடை என்ற பெயரில் இடங்கள் விலைபோன கதை ஊருக்கே தெரியும். மார்க் குறைந்தவன் பணம் கொடுத்து வாங்கிய அந்த இடங்களைப் பார்த்து, பாலம் இடியும் என்று எவரும் அலறவில்லை. ஆக அவர்களுடைய பயம் பாலத்தைப் பற்றியது அல்ல.

3

இன்னொரு கேள்வி இதைவிடச் சிக்கலானது. கைக்கும் மூளைக்கும் நடுவே சாதி போட்டிருக்கிற கோடு பற்றியது. அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார், சாதி பிரித்து வைத்திருப்பது வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையும் என்று. இயந்திரப் பொறியியலில் இது பளிச்செனத் தெரியும். ஏனென்றால் இந்தத் துறையில் கை இல்லாமல் மூளை ஒரு அடி நகராது.

கொங்குநாட்டுக் கவலை ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் தைத்த நீண்ட குழாய் இருக்கும். சால் ஒரு கயிற்றில், தோல்குழாயின் வாய் இன்னொரு கயிற்றில். வருகிற வழியெல்லாம் குழாயின் வாய் மேல்நோக்கியே நிற்கும், ஒரு சொட்டுச் சிந்தாது. கிணற்றின் விளிம்புக்கு வந்ததும் வாய் தானாகத் தாழ்ந்து தொட்டியில் கொட்டும். ஆள் நின்று கவிழ்க்க வேண்டியதில்லை. இரண்டு கயிறு, இரண்டு உருளை, தன்னால் திறந்து தன்னால் மூடுகிற ஒரு வால்வு. இன்றைக்கு இதை வரைந்து கொடுத்தால் மெக்கானிசம் பாடத்தில் ஒரு கேள்வியாக வைக்கலாம். அதன் தோல்வேலையைச் செய்தவர்கள், கிழிந்தால் தைத்தவர்கள் அருந்ததியர்கள். அந்தக் கிணற்றுத் தண்ணியை அவர்கள் இறைத்துக் குடிக்க முடியாது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பம்ப்செட் வந்து, தோல்வேலை மெல்ல மெல்ல ஒழிந்தது. கோயம்புத்தூர் பம்புக்குப் பேர்போன ஊராச்சு. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்த கைகளுக்கு அந்தப் புதிய தொழிலில் முதலாளி நாற்காலி கிடைக்கவில்லை.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. செத்த மாட்டை உரிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட வேலையில் பெருமை தேடுகிற எண்ணம் எனக்கில்லை. அறிவு என்று எதைக் கணக்கில் எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஐஐடி சென்னையை வைத்து அஜந்தா சுப்பிரமணியன் எழுதிய, 2019இல் வெளிவந்த ஆய்வு நூல் இந்த வரலாற்றை விரிவாகக் காட்டுகிறது. காலனிய ஆட்சியில் தொழில்நுட்பம் கைவினைச் சாதிகளின் கையிலிருந்து நழுவி, அதுவரை கைவேலையைத் தீட்டாக நினைத்த சாதிகளின் பட்டமாக மாறியது.

கோடு இன்னும் அழியவில்லை. முதல் ஆண்டு பட்டறை வகுப்பில் ஃபிட்டிங். இரும்புத் தகட்டை அரத்தால் ராவி மட்டப்படுத்த வேண்டும். நான் நன்றாகவே ராவினேன். ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டு, "உனக்கென்னப்பா, ரத்தத்துலயே இருக்கு" என்றார். அடுத்த பருவத்தில் கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தேன். அதே ஆசிரியர், "பரவாயில்லையே!" என்றார். இரண்டுமே பாராட்டுதான். ஆனால் என் கை திறமையாக இருப்பது இயற்கை, மூளை திறமையாக இருப்பது ஆச்சரியம். ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் சாதியை எவ்வளவு கச்சிதமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

வீட்டிலோ இதற்கு நேர் எதிரான அழுத்தம். "நாங்க பட்ட அழுக்கு போதும் சாமி. நீயாவது கையில அழுக்குப்படாத வேலைக்குப் போ" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் மெக்கானிக்கல் என்றாலே கிரீஸ். நல்ல இன்ஜினியர் இயந்திரத்துக்கு அடியில் படுத்துத்தான் ஆக வேண்டும். அழுக்குக்கும் சாதி உண்டு என்பது வேலைக்குப் போன பிறகுதான் புரிகிறது. மேல்சாதி இன்ஜினியர் கையில் பட்ட கிரீஸுக்கு அனுபவம் என்று பெயர். 'பாருங்க, எவ்ளோ டௌன் டு எர்த்' என்பார்கள். நம் கையில் பட்ட அதே கிரீஸ் நம்மைப் பழைய இடத்துக்கே அனுப்பி வைக்கிறது. எனவே அழுக்கிலிருந்து தப்பி ஓடுவதால் மட்டும் விடுதலை வராது. அழுக்கைப் புனிதமாக்குவதாலும் வராது. கையும் மூளையும் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று நிலைநாட்டுவதுதான் நமக்கான வழி.

4

படிப்பு முடிந்தது. இட ஒதுக்கீடும் அங்கேயே முடிந்தது. பொதுத்துறை சுருங்கிவிட்டது. மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று திறந்த வேலைகள் பெரும்பாலும் தனியாருடையவை. அங்கே அளவுக்கருவி நேர்முகத் தேர்வு. வடநாட்டில் பேரின் வால் பார்த்தாலே சாதி தெரிந்துவிடும். ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பேர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களை அனுப்பி, சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் தலித் பேருக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தமிழ்நாட்டில் வாலை வெட்டிவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். அதனாலென்ன? "நேட்டிவ் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?" மூன்றே கேள்வி. வெர்னியரைவிடத் துல்லியம். அப்புறம் டிசைனுக்கு ஒருத்தன், இரவு ஷிப்ட் புரொடக்ஷனுக்கு ஒருத்தன் என்று பிரிப்பதற்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை. "கம்யூனிகேஷன் போதாது" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

5

இதெல்லாம் தனியொரு ஆளின் வேலைப் பிரச்சனை என்று முடித்துவிட முடியாது. எதை அளப்பது, எதைப் பிரச்சனை என்று எடுத்துக்கொள்வது என்பதையும் யாரோதான் தீர்மானிக்கிறார்கள். ஒரு ஷாஃப்ட் வரைபடத்தில் அனுமதித்த அளவைவிட நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தப்பினால் அதைத் தூக்கிக் கழிவில் போடுகிறோம். ஏன் தப்பியது என்று கூட்டம் போடுகிறோம், காரணம் எழுதுகிறோம். பாதாளச் சாக்கடையில் மனிதன் செத்தால் என்ன செய்கிறோம்?

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. இன்னும் விரிவான சட்டம் 2013இல். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014இல், 30 லட்சம் என்று சொன்னது 2023இல். சட்டம் வந்தது, தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. சாகடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும், அளவு கூடினால் மூக்கை மரக்கச் செய்துவிடும். உள்ளே இறங்கினவனுக்கு நாற்றம்கூடத் தெரியாது. இதில் அறிவியலுக்குத் தெரியாத மர்மம் எதுவுமில்லை. அடைப்பை நீரழுத்தத்தால் உடைக்கிற, உறிஞ்சி எடுக்கிற வண்டிகள் எப்போதோ வந்துவிட்டன. 2018இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் பாண்டிகூட் என்ற ரோபோவைத் திருவனந்தபுரத்தில் இறக்கிக் காட்டினார்கள்.

அப்படியானால் இயந்திரம் ஏன் எல்லாக் குழிக்கும் வரவில்லை? 'சந்து குறுகல், வண்டி நுழையாது' என்கிறார்கள். நுழைகிற மாதிரி செய்வதற்குப் பேர்தானே இன்ஜினியரிங்? உண்மையான காரணம், இயந்திரத்தைவிட மலிவாக ஒரு மனிதன் கிடைக்கிறான். அவனை மலிவாக்கி வைத்திருப்பது சாதி. பாய்ம இயக்கவியல் பாடத்தில் குழாய்க்குள் ஓடும் நீரைப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டோம். ஒரு கணக்கில்கூட அந்தக் குழாயில் மலம் ஓடவில்லை, ஒரு ஆள் இறங்கவில்லை. பாடத்திட்டத்துக்கும் தீட்டு உண்டு.

இயந்திரம் வந்தாலே போதும் என்றும் நம்பிவிட முடியாது. வண்டி யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் யார் பேரில், ஓட்டுகிறவனுக்கு நிரந்தர வேலை உண்டா என்று கேட்காவிட்டால், குழியிலிருந்து மேலே வந்த சாதி இயந்திரத்தின் பக்கத்தில் தினக்கூலியாக நின்றுகொண்டிருக்கும். கவலை போய்ப் பம்ப்செட் வந்த கதைதான் திரும்பவும்.

6

கடைசியாக, நம்மவர்களிடமே அடிக்கடி எழுகிற கேள்வி. 'இன்ஜினியர் ஆனியே, சேரிக்கு என்ன செஞ்சே?' சமூகத்துக்குத் திருப்பிக் கொடு என்ற முழக்கத்தை நான் மதிக்கிறேன். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டு 1942இலேயே நம் பிள்ளைகளின் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டு மனுக்கொடுத்த அம்பேத்கரின் உழைப்பில் படித்தவர்கள் நாம். ஆனால் கடன் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. கருவி யாருக்குக் கூடுதலாகக் காட்டியதோ அவன்தான் கடன்காரன். அவனுடைய பிள்ளையிடம் 'அக்ரகாரத்துக்கு என்ன செஞ்சே, ஊர்த்தெருவுக்கு என்ன செஞ்சே' என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்கா போனால் மாலை போட்டு வழியனுப்புகிறார்கள். நம் பையன் முதல் சம்பளத்தில் தங்கச்சி படிப்புக்குக் கட்டி, அப்பாவின் வட்டிக்கடனை அடைத்து, மிச்சத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்குவதற்குள் கணக்குக் கேட்டுவிடுகிறோம். இதுவும் ஒருவகை வன்முறைதான்.

அப்போ நமக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. அது கடனிலிருந்து வருவதல்ல, தெரிந்துவைத்திருப்பதிலிருந்து வருகிறது. பிழையுள்ள கருவியின் தாடைக்குள் நின்றவனுக்குத்தான் அது எங்கே, எவ்வளவு பிழை காட்டுகிறது என்று தெரியும். அந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆலையில் ஆள் எடுக்கிற மேசைக்கு நாம் வரும்போது 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வியை நிறுத்துவது, நகராட்சி டெண்டரில் 'ஆள் இறக்குதல்' என்பதற்கு இடமே இல்லாமல் எழுதுவது, அந்தச் சந்துக்குள் நுழைகிற வண்டியை வரைவது, அதை ஓட்டுகிறவனுக்கு நிரந்தர வேலை கேட்பது, 'தகுதி' என்று எவராவது ஆரம்பித்தால் உடனே ஒரு வேண்டுகோள் வைப்பது: ஐயா, முதலில் தாடையை மூடுங்கள். சுழி எங்கே நிற்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். அளப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.