தொண்ணூறு ஆடுகளும் ஒரு டீசல் காரும்

புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள டிரெய்லர் லாரிகளைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு நாள் கழியாது. எங்கள் ஊர் மணிமங்கலத்துக்கு ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூரும் இருங்காட்டுக்கோட்டையும். இன்னொரு பக்கம் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் மட்டும் ஆண்டுக்கு 8 லட்சம் கார்களுக்கு மேல் செய்யலாம். ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறந்தது. ஷிப்ட் பஸ் வந்து நிற்காத தெரு இங்கே குறைவு. நானும் ஒரகடத்தில் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்து அனுப்புவது எப்படி என்று ஐடிஐ முடித்துவிட்டு நேற்று சேர்ந்த பையனுக்கும் இங்கே தெரியும். இருக்கிற ஒன்றை உயிரோடு வைத்துக்கொள்வது எப்படி என்பதை நான் படித்தது எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில், அப்பாவின் பழைய ஆக்சென்ட் காரோடு மல்லுக்கட்டிய மாதங்களில்தான்.

2003-இல் அப்பா அதை வாங்கினார். ஆக்சென்ட் சிஆர்டிஐ. 1493 சிசி, மூன்றே சிலிண்டர். டீசலை மிகுந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்கிற கணக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பீய்ச்சுகிற காமன் ரெயில் முறையோடு நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்த முதல் செடான்களில் அதுவும் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி. எங்கள் ஊருக்கு அசலூர்க்காரன் இல்லை.

பெட்ரோல் வண்டி வேண்டாம் என்று அப்பா பிடிவாதமாக இருந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. எங்கள் கிணற்றடியில் ஒரு கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் இருந்தது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று அரசு அறிவித்த பிறகு ஊரில் கரண்ட் மோட்டார்கள் பெருகி, ஆயில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அப்பா மட்டும் தன்னுடையதை விற்கவில்லை. கரண்ட் போன நேரத்தில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் லிவரை விடுவார்; அது கனைத்துக்கொண்டு பிடித்துக்கொள்ளும். "பிளக்கு கிடையாது, காயில் கிடையாது. காத்தை அமுக்கினா சூடாவுது, அந்தச் சூட்டுலயே டீசல் பத்திக்குது. இதுல கெட்டுப்போறதுக்கு என்னடா இருக்கு?" என்பார். காற்றை 18, 20-இல் ஒரு பங்காக இறுக்கினால் ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறும் என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தக் கிணற்றடி. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியதும் இதே தத்துவத்தைத்தான்.

கார் வந்தபின் குடும்பம் அதைச் சுற்றியே நகர்ந்தது. அக்கா கல்யாணப் பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டுபோனது அது. நடுராத்திரியில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் அதுவே. 2012 வாக்கில் பெட்ரோல் 70 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 40களில் இருந்தது. அந்த நாட்களில் திருப்பதி, திருவண்ணாமலை என்று அப்பா கேட்டவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் கடைசியில் சேருவது அடையாற்றில்தான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தண்ணீர் ஏறுவதற்குள் தாழ்வான தெருக்களில் இருந்த வயசானவர்களை மேட்டுக்குக் கொண்டுவந்து விட்டது இந்த ஆக்சென்ட். இதைச் சொல்லிக்காட்டி அப்பா ஒருநாளும் பேசியதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

2018-இல் அப்பா போனார். அதே ஆண்டில் காரின் 15 ஆண்டுப் பதிவும் முடிந்தது. விற்கலாமா என்ற பேச்சு வந்தபோது அம்மா, "இருக்கட்டும்டா, அவரு ஞாபகமா இருக்கட்டும்" என்றார். மேலே தார்ப்பாய் போட்டு நிறுத்தினோம். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் எண்ணினோம். பொருளை அப்படியே, யாரும் தொடாமல் வைத்திருப்பதுதான் போனவருக்கு மரியாதை என்பது நம் எல்லோர் மனதிலும் ஊறிக் கிடக்கிறது. பூட்டி வைத்த பீரோ, மடித்து வைத்த வேட்டி, யாரும் உட்காராத ஈசிசேர்.

ஆனால் இயந்திரத்துக்கு அந்த மரியாதை ஒத்துக்கொள்வதில்லை. ஓடுகிற வண்டி தேய்கிறது. நிற்கிற வண்டியோ அழுகுகிறது. சில ஆண்டுகள் கழித்து, வண்டியை மறுபடி ஓட்டலாம் என்று தார்ப்பாயை எடுத்த அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். படப்பைப் பக்கம் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் அண்ணன் வந்தார். அறுபதைத் தாண்டியவர், அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தெரிந்தவர். புது பேட்டரியோடு ஆவலாக நின்ற என்னைப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ற பேச்சே இப்ப கிடையாது தம்பி. மொதல்ல கையால சுத்திப் பாக்கணும்" என்றார். மூன்று ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் விட்டு, ஊற விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு வந்து கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு, காது கொடுத்துக்கொண்டே, முடி அளவு முடி அளவாகத் திருப்பினார். எங்கேயோ பிசுக் என்று ஒரு சத்தம். அதன்பின் முழுச் சுற்று வந்தது.

டேங்கை இறக்கினோம். வந்த டீசல் கறுத்து, பழைய வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் விரலில் ஒட்டுகிற கொழகொழப்பு. டேங்கின் வெற்றிடத்தில் இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் சேரும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும் என்று படித்திருந்தேன். கையில் பட்டபோதுதான் நம்பினேன். டைமிங் பெல்ட் பார்வைக்குப் புதிது போலத்தான் இருந்தது. அண்ணன் மடக்கிக் காட்டியதும் உள்பக்கம் வரி வரியாக வெடித்திருந்தது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். வயரிங்கை எலி கடித்திருந்தது. பின்பக்க பிரேக் இரண்டும் இறுகிப்போயிருந்தன. இவை எதுவும் ஓடியதால் வந்தவை அல்ல. பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்த ஆண்டுகள் செய்த வேலை.

புதிதாகக் கிடைக்காத பாகங்களுக்குப் புதுப்பேட்டை போனோம். கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் கதவு தனியாக, டேஷ்போர்டு தனியாக, வயர் கட்டு தனியாகத் தொங்கும். "எந்த வருஷ வண்டி?" என்ற ஒரே கேள்விதான். வருஷத்தைச் சொன்னதும் கடைப்பையன் மாடிக்கு ஏறி, ஒரு வைப்பர் மோட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். எந்த ஊரிலோ யாரையோ ஏற்றிக்கொண்டு திரிந்த இன்னொரு ஆக்சென்ட்டின் மோட்டார் அது. எங்கள் வண்டியில் இன்று மழைக்கு அதுதான் ஓடுகிறது.

வேலை நடுவில் ஒருநாள் அண்ணன் பானெட்டுக்குள் குனிந்தபடியே, "இது யாரு தம்பி கட்டினது?" என்று கூப்பிட்டார். டீசல் பைப் ஒன்று இரும்புப் பட்டையை ஒட்டிப் போகிற இடத்தில், பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி, நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி முடிந்திருந்தது. அப்பாவின் முடிச்சு. ஆயில் இன்ஜினிலும் இப்படித்தான் கட்டியிருப்பார். "இது இல்லன்னா உரசி உரசி பைப்பு எப்பவோ ஓட்டை விழுந்திருக்கும்" என்றார் அண்ணன். ட்யூப் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடலாமா என்று என் மனம் ஒரு கணம் தவித்தது உண்மை. அண்ணன் பிளேடை எடுத்து அறுத்தார். "புது ட்யூபு எடுத்து நீயே சுத்து. அவரு சுத்தின மாதிரியே நெருக்கமா சுத்து." சுற்றினேன். அப்பாவின் கை எந்த இடத்தில் எப்படித் திரும்பியிருக்கும் என்று என் கைக்குத் தெரியவந்தது. சுவரில் மாட்டிய படத்தின் முன்னால் நின்று ஒருநாளும் எனக்குக் கிடைக்காத நெருக்கம் அது.

எங்கள் ஊரே நினைவுகளால் ஆன ஊர்தான். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று மணிமங்கலம் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. அந்தப் போரை ஊரில் யாரும் சுமந்துகொண்டு திரியவில்லை. அது செப்பேட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய. கல்வெட்டுப் படித்தவர்களைக் கேட்டால், அந்தக் காலத்துக் கோயில்களுக்கு விளக்கு வைத்தவர்கள் செய்த ஏற்பாட்டைச் சொல்வார்கள். தன் பெயரால் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று நினைத்தவர், பெரும்பாலும் 90 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்; சில இடங்களில் 96. ஆடுகளை இடையர் பொறுப்பேற்று, தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். குட்டியை வைத்து எண்ணிக்கையைக் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பாடு. முதலில் கொடுத்த ஆடுகளில் ஒன்றுகூடச் சில வருஷங்களில் மிஞ்சியிருக்காது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

அவர்கள் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள் என்று வியக்கிறேன். தன்னை நினைக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் ஒரு பொருளைப் பூட்டி வைக்கவில்லை. தினமும் ஒருவர் கையால் நடக்க வேண்டிய ஒரு வேலையை விட்டுப் போனார்கள். பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, நெய் உருக்கி, அளந்து ஊற்றுகிற வேலை. "பெல்ட்டு புதுசு, பிரேக்கு புதுசு, வைப்பர் வேறொருத்தருது, இப்ப இது உங்க அப்பா வண்டியா?" என்று என் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் கேட்டபோது எனக்குத் தடுமாற்றம் வரவில்லை. ஆமாம், அப்பா வண்டிதான்.

நிற்பது அழுகும் என்பது இந்தத் தொழிற்பேட்டைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலையோடு கைப்பழக்கத்தையும் இழந்து வீட்டில் உட்கார்ந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் சால்காம்ப் வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டு, மறுபடி வருகிறேன் என்கிறது. கட்டடமும் மெஷினும் நின்ற இடத்திலிருந்து திரும்ப ஓடலாம். நடுவில் நின்றுபோன மனிதர்களின் ஆண்டுகளுக்கு ஆயில் விட்டு ஊறவைக்கிற வித்தை யாரிடமும் இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

வண்டி பிடித்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீசல் லைனில் ஒரு கண்ணாடிக் குழாய் போட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை அண்ணன் பொறுமையாகக் காத்திருந்தார். குமிழி நின்றதும் சாவியை என் கையில் கொடுத்தார். கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு அந்த மூன்று சிலிண்டர் உறுமல். அம்மா சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார்.

ஆனாலும் புகையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாக இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் வைத்தது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை சொன்னது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. டீசல் இப்போது எவ்வளவோ சுத்தம்: 2001-இல் சென்னைக்கு வந்த பாரத் 2 டீசலில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கிற பாரத் 6 டீசலில் 10 பங்குதான். எரிபொருள் மாறினாலும் எங்கள் இன்ஜின் பழையதுதான். கரித்துகளைப் பிடித்து வைக்கிற வடிகட்டி அதில் கிடையாது. என் அப்பாவை நான் நினைப்பதற்கு ஊரார் பிள்ளைகள் ஏன் மூச்சு முட்ட வேண்டும்? நினைவு என்ற பெயரில் எதையும் செய்யலாம் என்று நான் நம்பவில்லை.

அதனால் வேலைக்கு நான் ஷிப்ட் பஸ்ஸிலேயே போகிறேன். வாரத்தில் ஒருநாள், விடிகாலையில், இன்ஜின் நன்றாகச் சூடேறுகிற தூரத்துக்கு ஆக்சென்ட்டை எடுப்போம். பெரும்பாலும் அம்மாவோடு ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வரை. எங்கேயும் இன்ஜினை ஓடவிட்டபடி நிற்பதில்லை. புகைச் சோதனைச் சீட்டைக் கடமைக்கு வாங்காமல், எண்ணைப் பார்த்து, அப்பாவின் டீசல் கணக்கு நோட்டிலேயே அவர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் குறித்து வைக்கிறேன். எஃப்சி பார்த்து, 2022-இல் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்த கட்டணத்தையும் பசுமை வரியையும் கட்டி, பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் அது 10,000 ஆகிவிட்டது. அடுத்த முறை பணத்தைப் பார்த்து முடிவெடுக்கப் போவதில்லை. நோட்டில் இருக்கிற புகை எண்ணைப் பார்த்துத்தான். அது ஏறிக்கொண்டே போனால் வண்டியைப் பிரித்துக் கொடுத்துவிடுவது என்று அம்மாவும் அக்காவும் நானும் பேசி முடித்துவிட்டோம். முழுதாக எடைக்குப் போடுவதில்லை. எது எது நன்றாக இருக்கிறதோ அது அது வேண்டியவர்களுக்குப் போகும். புதுப்பேட்டை கடைக்காரர் கதவுகளைக் கேட்டிருக்கிறார். கியர்பாக்ஸை மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே, வாலாஜாபாத்தில் ஒரு ஆக்சென்ட் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று மெக்கானிக் அண்ணன் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.