அடித்தும் எழாத பையன்

(திண்டுக்கல்லில் தைப்பூசத்தை ஒட்டி நிகழ்த்திய மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1891 வாக்கில் நம்ம திண்டுக்கல்லில் ஒரு பையனுக்குச் சரியான அடி விழுந்தது. அவன் செய்த குற்றம், தூங்கியது. வீட்டில் எல்லாரும் ராத்திரி கோவிலுக்குப் போயிருந்தார்கள். தனியாகப் படித்துக்கொண்டிருந்த பையன் கதவு, சன்னலை எல்லாம் அடைத்துவிட்டுப் படுத்துவிட்டான். திரும்பி வந்தவர்கள் தட்டினார்கள், கத்தினார்கள். தெருவே முழித்திருக்கும், இவன் முழிக்கவில்லை. எப்படியோ கதவைத் திறந்து உள்ளே போய், ஆளாளுக்கு அடித்தார்கள். அதற்கும் அசையவில்லை. மறுநாள் காலையில் மற்றவர்கள் சொல்லித்தான் தனக்கு அடி விழுந்த விஷயமே அவனுக்குத் தெரிந்தது.

பையன் பெயர் வேங்கடராமன். சொந்த ஊர் திருச்சுழி. உறவினர் வீட்டில் தங்கி இங்கே ஓராண்டு போலப் படித்தான். 1892-ல் தகப்பனார் சுந்தரமய்யர் காலமானதும் மதுரைக்குப் போய்விட்டான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும். இந்தத் தூக்கக் கதையைப் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் தம் ஆசிரமத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

உடனே, "என் மகனும் பத்து மணி வரை தூங்குகிறான் சுவாமி, ஞானியாகிவிடுவானா?" என்று கேட்காதீர்கள். அவன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்போன் பார்த்திருப்பான். தூக்கம் ஞானம் ஆகாது. ஆனால் அந்தப் பையனிடம் ஒன்று இருந்தது. படித்தால் படிப்பு, படுத்தால் தூக்கம். நமக்கு ரெண்டுமே அரைகுறை. சாப்பிடும்போது டிவி, டிவி பார்க்கும்போது கடன் தவணை, சாமி கும்பிடும்போது வெளியே விட்ட செருப்பு. நம்ம ஊர் அபிராமி அம்மன் சந்நிதியில் நின்று தீபாராதனையைப் போனில் படம் பிடிக்கிறோம். எதிரே இருக்கும் அம்பாளை வீட்டுக்குப் போய்ச் சின்னத் திரையில் பார்க்கிறோம்!

அந்தப் பையனுக்குத் திருப்பம் வந்தது எங்கே? காட்டிலா, குகையிலா? இல்லை. 1896-ல், மதுரையில், வீட்டு மாடி அறையில். திடீரென்று சாவு பயம் பிடித்துக்கொண்டது. நாமாக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்போம். அவர் படுத்து, உடம்பை விறைத்து, "சாவு வந்துவிட்டது, சாவது எது?" என்று பயத்தையே உற்றுப் பார்த்தார். உடம்பு சாகலாம், பார்க்கிற நான் சாகவில்லை என்று அவருக்குப் பட்டது. சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டார். அப்போது வயது 16.

சில ஆண்டுகள் கழித்து அவரிடம் போய் "நான் யார்?" என்று கேட்டவர் சந்நியாசி இல்லை, வருவாய்த் துறை ஊழியர். சிவப்பிரகாசம் பிள்ளை என்று பெயர். கோப்பு, கச்சேரி என்று காலம் தள்ளியவர். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள்தான் பின்னால் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. அதில் உள்ள வழி எளியது: ஒரு நினைப்பு எழுந்தால் அதன் பின்னால் ஓடாதே, இது யாருக்கு எழுந்தது என்று பார். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் காலை மிதிக்கிறான், கோபம் வருகிறது. கோபம் யாருக்கு? எனக்கு. அந்த நான் யார்? கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கோபம் போயிருக்கும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், சுவாரசியமே இருக்காது.

திருவண்ணாமலையில் மலைமேல் இருந்த காலத்தில் ஒரு தெலுங்குப் பண்டிதர் அவரிடம், பலனை எதிர்பாராமல் கர்மம் செய்வது எப்படி என்று கேட்டார். பதில் இல்லை. ரமணர் ஒரு முள்கிளையை எடுத்தார். முள்ளைச் சீவினார், கணுவைத் தேய்த்தார், சொரசொரப்பான இலையால் மணிக்கணக்கில் மெருகேற்றினார். அழகான தடி தயாரானது. அந்தப் பக்கம் ஓர் ஆட்டிடையன், கையிலிருந்த கோல் தொலைந்த கவலையில் வந்தான். தடி அவன் கைக்குப் போனது. பண்டிதருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆசிரமம் வளர்ந்த பிறகும் அவர் விடியுமுன் எழுந்து சமையலறையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார். பெரிய பெரிய வேதாந்தம் பேசும் நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஒரு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறோம்? தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், பதில் தெரிகிறது.

செய்கிற வேலையில் முழு மனசும் இருக்க வேண்டும் என்று சொன்னால் நம்ம ஊர்ப் பூட்டுத் தொழிலாளிக்குச் சட்டென்று புரியும். அரத்தை ஓட்டும் கை மயிரிழை தவறினால் சாவி சுற்றாது. மனசு வேறெங்கோ இருக்க, கை மட்டும் மாங்காய்ப் பூட்டுச் செய்யாது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் கைதட்டிவிட்டுக் கடையில் போய் வெளியூர் அலிகார் பூட்டை வாங்கினால் அந்தக் கைக்கு என்ன லாபம்? இதுவும் ஆன்மிகம்தான், நான் தடம் மாறவில்லை.

இதே கவனம் பாதயாத்திரையிலும் உண்டு. தைப்பூசத்துக்காக இந்த மாதம் நத்தம் சாலையில் காவடியோடும் வெறுங்காலோடும் ஆயிரக்கணக்கில் பழனிக்கு நடக்கிறார்கள். நடப்பவரைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் நாள் கால் கொப்பளித்த பிறகு வீட்டு ஞாபகம் வராது, அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது மட்டும்தான். தவம் என்று நாம் பெரிதாகச் சொல்வதை அந்தக் கொப்பளம் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கின்றன. ராத்திரி நேரத்தில் அங்கே நிற்க ஆள் போதாது. முடிந்தவர்கள் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, சுக்குக் காப்பியைக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள்.