அடுத்த தோசையை யார் ஊற்றுவது?

வண்டலூரில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: இங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் தாம்பரம், கிண்டி. தெற்கே மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி. கிழக்கே கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் சிறுசேரி சிப்காட். மேற்கே வாலாஜாபாத் சாலையில் ஒரகடம். போதாததற்கு மீஞ்சூர் வரைக்கும் வெளிவட்டச் சாலை. ஒரே வீட்டு ஆட்கள் காலையில் நாலு திசைக்குப் பிரிந்துபோய் ராத்திரி ஒரே கூரைக்குத் திரும்பலாம். எங்கள் வீடும் அப்படித்தான். நான் மின்சார ரயிலில் கிண்டிக்கு. கணவர் கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு. மகனுக்குக் கேளம்பாக்கம் பக்கம் கல்லூரி. மகள் உள்ளூரில் பத்தாம் வகுப்பு. வீட்டோடு இருப்பவர் என் மாமியார், மதுராந்தகத்துக்காரர்; அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

எட்டு மணிக்குள் அவரைத் தவிர வீடு காலியாகிவிடும். ராத்திரி ஒன்பதுக்கு முன்னால் ஐந்து பேரும் ஒன்றாக இருந்தால் அது பண்டிகை நாள். இப்படி ஓடுகிற குடும்பத்துக்குச் சந்தோஷம் எங்கே என்று கேட்டால், சின்னச் சின்ன விஷயங்களில்தான் என்போம். ஞாயிற்றுக்கிழமை காலைத் தோசை, மழை பிடித்துக்கொண்டால் வெங்காய பஜ்ஜி, மொட்டை மாடியில் நிலாச் சோறு. காசு செலவில்லாத சந்தோஷங்கள் என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம். அந்தச் சந்தோஷங்களை நானும் மனதார நேசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது: காசு செலவாகாத இடத்தில் யாருடைய நேரம் செலவாகிறது?

தோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் ஒரு நேரத்தில் ஒரு தோசைதான் வேகும். ஐந்து பேருக்கும் சூடாகத் தட்டில் விழ வேண்டுமென்றால், ஒருவர் அடுப்படியில் நின்றே ஆக வேண்டும். மகனுக்கு மெல்லிசாக, முறுகலாக. பாட்டிக்குப் பல்லுக்கு இதமாகக் கொஞ்சம் கனத்து, மெத்தென்று. இன்னொருவருக்கு வெங்காயம் தூவி. கூடத்தில் பேச்சும் சிரிப்பும் நடக்கும். அது அடுப்படிக்குப் பாதிதான் கேட்கும். எல்லோரும் கை கழுவிய பிறகு, பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவை வழித்து ஊற்றி, அடியில் மிஞ்சின சட்னியைத் தொட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டு முடிப்பவர் ஒருவர் இருப்பார். என் அம்மா சூடான தோசையை உட்கார்ந்து சாப்பிட்டு நான் முதலில் பார்த்தது, கல்யாணமான பிறகு அவள் என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தபோதுதான். "நீ ஊத்திக்கிட்டே இரு, நான் சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்" என்று சிரித்தாள். எத்தனை வருஷத்துப் பசி அது என்று அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் கணக்கெடுத்தது. 2024 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299, 97. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிட்டது! இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அந்த 88 நிமிடம். கையே வைக்காதவர்கள் அதில் சேரவில்லை. 289 நிமிடம் என்பது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆபீஸ் போகும் பெண்ணுக்கு அது விடிவதற்கு முன்னும் விளக்கு வைத்த பின்னுமாகப் பிரிந்து கிடக்கிறது.

எங்கள் ஊருக்கென்றே ஒரு புதுச் சந்தோஷம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி வந்தது. அன்றைக்குத்தான் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். முன்பெல்லாம் தெற்கேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் பெருங்களத்தூரிலோ கோயம்பேட்டிலோ இறங்கி அவரவர் வழியில் போய்விடுவார்கள். கல்யாணம் காட்சியில் பார்த்தால்தான் உண்டு. இப்போது மதுரை பஸ்ஸும் திருநெல்வேலி பஸ்ஸும் விடியற்காலையில் எங்கள் வாசலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நாலரை மணிக்குப் போன் அடிக்கும். "அக்கா, கிளாம்பாக்கத்துல இறங்கிட்டோம். குளிச்சிட்டு ஒரு வாய் காபி குடிச்சிட்டுக் கிளம்பிடுறோம்." கையில் மணப்பாறை முறுக்கோ கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ இருக்கும். பிள்ளைகள் கண்ணைத் தேய்த்துக்கொண்டே எழுந்து வந்து பொட்டலத்தைப் பிரிப்பார்கள். ஊரில் யாருக்கு வரன் அமைந்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் ஏறியது, யார் யாரோடு பேசுவதில்லை என்று வீடு முழுக்கச் செய்தி நிறையும்.

எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் முதல் சில மாதம் அந்தச் செய்திகளில் பாதியைத்தான் கேட்டேன். மீதிப் பாதி நேரம் நான் அடுப்படியில் இருந்தேன். டிகாஷன், வெந்நீர், ரவை வறுத்து உப்புமா, அதற்குள் மகளுக்கு டப்பா. அவர்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூட ஆட்டோ நிற்காது.

பிறகு வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கணவர் சொன்ன யோசனைதான். போனை யார் எடுக்கிறாரோ அவரே அடுப்பைப் பற்ற வைப்பது. ராத்திரியே ஃபில்டரில் தூளை அழுத்தி வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறங்கப் போடுவது மகன் பொறுப்பு. பால் பாக்கெட் ஒன்று எப்போதும் கூடுதலாக ஃபிரிட்ஜில். அவ்வளவுதான். இப்போது தம்பி வந்தால் தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து கதை கேட்கிறேன். கணவர் போடும் காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். குடித்துக்கொள்கிறோம். பொழுது விடிவதற்குள் தம்பியும் நானும் அழுது முடித்து, சிரித்தும் முடித்துவிடுகிறோம்.

பங்குனி பிறந்தால் அத்தை வடாம் பேச்சை எடுப்பார். வெயில் கடுமையாக ஏறுவதற்கு முன் கூழ் கிண்டிப் பிழிந்துவிட வேண்டும் என்பதால் விடியற்காலை நாலு மணிக்கே வேலை தொடங்கும். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கொதிக்கும் நீரில் கட்டி விழாமல் கரைத்து ஊற்ற வேண்டும். பச்சை மிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம். பிறகு துடுப்பால் விடாமல் கிளறல். மாவின் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலப் பளபளக்கும் வரை கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் எலுமிச்சம்பழம் பிழிவார். அந்த வாசனைக்குத் தெருவே எழுந்துவிடும். மாடியில் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, முறுக்கு நாழியில் கூழை அடைத்துப் பிழிய வேண்டும். காக்காயை விரட்டக் கறுப்புக் குடை. எங்கள் பக்கம் மலைக்காடு இருப்பதால் குரங்குக்கும் காவல் தேவை. சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் முழுசாக உரிந்து வரும். அரை ஈரத்தில் இருக்கும் அந்த வடாமைப் பிய்த்துத் தின்கிற ருசி, பொரித்த வடாமில் கிடையாது.

அத்தை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க காலத்துல வடாம் போடுறதுன்னா ஏழு பொம்பளைங்க கூடுவோம். ஒருத்தி கிண்டுவா, ஒருத்தி பிழிவா, ஒருத்தி பாடுவா. தனியா போட்டா அது வேலை. கூடிப் போட்டா அது விசேஷம்." நான் பல நாள் யோசித்தும் எட்டாத இடத்தை அவர் துடுப்பைப் பிடித்துக்கொண்டே தொட்டுவிட்டார். வேலை மாறவில்லை, அளவும் மாறவில்லை. எத்தனை கை சேர்கிறது என்பதில்தான் அது சுமையாவதும் கொண்டாட்டமாவதும் இருக்கிறது. தனித்தனிக் குடும்பமாக அடுக்குமாடிக்கு வந்தபோது, அந்த ஏழு பெண்களின் வேலையும் ஒருத்தி தலையில் வந்து இறங்கிவிட்டது. பழைய கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வீட்டில் இருக்கிற ஐந்து பேரின் பத்துக் கைகள் இருக்கின்றனவே!

அரசாங்கம்கூட இந்த வேலையைக் கண்ணெடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011-லும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-லும், மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023-லும் தொடங்கின. மூன்றும் தொடங்கிய நாள் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மூன்றுமே ஏதோ ஒரு வகையில் அடுப்படிக்குள் வந்தவை. இரண்டு வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியில் வந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உரிமைத் தொகைத் திட்டம், பெண்ணின் வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொல்லியே வந்தது. சரியான பேச்சு. ஆனால் துடைப்பத்தை அரசாங்கம் வந்து கணவன் கையில் கொடுக்க முடியாது. அது வீட்டுக்குள் நடக்க வேண்டியது.

கடையில் மாவு பாக்கெட் வாங்குவதைக் குறைவாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. கைமணம் முக்கியம்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஊறவைத்து, அரைத்து, கிரைண்டர் கல்லைக் கழுவித் துடைக்கும் நேரத்தில், மகளோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்றால் அந்த மாவு பாக்கெட்டுக்கு நன்றி சொல்வேன். எந்த வேலையில் சந்தோஷம் இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். எது பழக்கத்துக்காகவும் ஊர் வாய்க்காகவும் மட்டும் நடக்கிறதோ அதை விட்டுவிடலாம்.

யாரும் கை நனைக்காமல் கிடைக்கும் இன்பம் எதுவுமே இல்லையா என்று ஒருமுறை மகள் கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள்: சிங்கம். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா பக்கத்தில் இருப்பதால், ஊர் அடங்கிய நேரத்தில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சிங்கத்தின் உறுமல் கேட்கும். பகலில் மயில் அகவும். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைதான், பார்க் டவுனில் பல காலம் இருந்துவிட்டு, 1985-ல் இந்த மலையடிவாரத்தில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. விருந்தாளி வந்தால்தான் நாங்கள் உள்ளே போவோம். குரல் மட்டும் தினமும் வரும். ஆனால் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்துப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். விழுந்ததை வெட்டி அகற்றி, கன்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்றி, இந்தக் குளிர்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் பூங்கா ஊழியர்கள். அந்தச் சிங்கத்துக்கும் வேளாவேளைக்கு ஒருவர் சாப்பாடு வைக்கிறார். மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போய்த் தன் டப்பாவைக் கழுவி வைத்தாள்.

இதையெல்லாம் கணக்குப் பார்த்தால் பாசம் குறைந்துவிடும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தைக்குச் சமையல் பிடிக்கும். அடுப்படியை அவரிடமிருந்து பிடுங்கினால் வாடிப்போவார். ஆனால் பிடித்த வேலையும் ஓய்வில்லாமல் செய்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் பாசம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது நான் அதிகம் எதிர்பார்க்கும் நேரம், ராத்திரி துணி மடிக்கும் நேரம். காய்ந்த துணியைக் கட்டிலில் கொட்டிவிட்டு ஐந்து பேரும் சுற்றி உட்காருவோம். சாக்ஸுக்கு ஜோடி தேடுவது மகன். புடவையின் இரண்டு முனையை அத்தையும் கணவரும் பிடிப்பார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. கணக்குப் பரீட்சை பயமாக இருக்கிறது என்று மகள் சொன்னதும், வேலையிடத்தில் ஆட்குறைப்புப் பேச்சு நடக்கிறது என்று கணவர் சொன்னதும் அந்தக் கட்டிலில்தான். எதிரெதிரே உட்கார்த்தி வைத்துக் கேட்டிருந்தால் இரண்டு பேருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் தோசையாக இருக்கலாம். இரண்டு தோசை உள்ளே போனதும் எழுந்து அடுப்படிக்குப் போங்கள். அங்கே நிற்பவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, அவரைத் தட்டின் முன்னால் உட்கார வையுங்கள். உங்கள் முதல் தோசை பிய்ந்துதான் வரும். பரவாயில்லை, அதைச் சூடாகவே போடுங்கள்.